மீன் கிடைக்காத நாளின் கணக்கு

ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் தூண்டில் போட ஆரம்பித்த புதிதில் ஒரு விஷயம் என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனால் பை கனக்கும். அடுத்த ஞாயிறு அதே நேரம், அதே இடம், அதே இரை, ஆனால் தக்கை அசையாது. எனக்கு வாய்த்தது ஞாயிறு மட்டும்தான், அதுவும் காலை ஆறு முதல் பத்து வரை. அதனால் நேரத்தை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. கையில் இருந்த பொருட்களைத்தான் மாற்றினேன். தூண்டில் முள்ளை ஒரு நம்பர் சின்னதாக்கினேன், மீன் கிடைத்தது. முள்தான் காரணம் போல என்று அடுத்த வாரமும் அதையே கட்டிக்கொண்டு போனால் வெறுங்கை. தூண்டில் நரம்பை மெல்லியதாக மாற்றினேன், கிடைத்தது. மறு வாரம் மறுபடியும் பூஜ்யம். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. தூண்டில் பெட்டி மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

அதன் பிறகுதான் ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பத்தாவது வாரம் ஏதோ தேட நோட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: இடப் பக்கமெல்லாம் மீன், வலப் பக்கமெல்லாம் பூஜ்யம். எந்த இடத்தில் விரித்தாலும் அப்படித்தான். முள்ளும் நரம்பும் இரண்டு பக்கத்திலும் கலந்துதான் இருந்தன. வாரம்தான் ஒன்று விட்டு ஒன்று மாறிக்கொண்டிருந்தது.

காரணம் ஓதம். பெரும்பாலான கடற்கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஏழு நாளைக்கு 350 நிமிடம், ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. உச்ச ஏற்றத்திலிருந்து முழு வற்றத்துக்கு ஆகிற நேரமும் சுமார் ஆறே கால் மணிதான். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நிறைந்து நின்றால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு ஏறக்குறைய சேறு தெரியும். நான் நின்ற மேடைக்கு முன்னால் மீன் வருவது தண்ணீர் வடியும்போது. மேட்டுப் பகுதியில் மேய்ந்துவிட்டு, வடிகிற தண்ணீரோடு குஞ்சு மீனும் இறாலும் வாய்க்கால் வழியாக இறங்கும். அதைத் தின்னக் கொடுவா மீன் வாய்க்கால் முனையில் காத்திருக்கும். ஒரு வாரம் அந்த இறக்கத்தில் போய் நின்றிருக்கிறேன், மறு வாரம் தண்ணீர் ஏறுகிற நேரத்தில். முள் பாவம், அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. சில மாதம் போனதும் இந்த ஒழுங்கு மெல்லக் கலைந்து, அப்புறம் தலைகீழாகிவிட்டது. வலப் பக்கம் மீன், இடப் பக்கம் பூஜ்யம். ஓதம் பழைய கடிகார நேரத்துக்குத் திரும்ப 14 நாள் போதாது, ஏறத்தாழ பதினாலே முக்கால் நாள் வேண்டும். அந்த முக்கால் நாள் ஒவ்வொரு இரண்டு வாரமும் சேர்ந்து சேர்ந்து, நாலரை மாதத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். இரண்டு வருடமாக என் தலைக்கு எட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நல்ல வாரம், கெட்ட வாரம் என்று மனது ஒரு முடிவுக்கு வரப் பார்க்கும் நேரத்தில் வரிசை மாறியிருக்கும்.

அன்றிலிருந்து கழிமுகத்துக் குறிப்பில் கடிகார நேரத்தை அடைப்புக்குள் தள்ளிவிட்டேன். முதலில் எழுதுவது ‘வடிய ஆரம்பித்து 1 மணி’, ‘ஏற்றம் முடிய அரை மணி’ என்பதுதான். ஓத அட்டவணையில் துறைமுகத்துக்குப் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. ஆற்றுக்குள் போகப் போக ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். என் மேடைக்கு எவ்வளவு தாமதம் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. ஒரு குச்சியைக் கரையோரம் நட்டு, தண்ணீர் திரும்பும் நிமிடத்தைப் பத்துப் பதினைந்து முறை குறித்து வைத்துத்தான் அது தெரிந்தது: முக்கால் மணி.

சரி, இது நடந்தது மூன்றாவது நோட்டில். முதல் இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அந்த இரண்டு தப்பையும் செய்கிறார்கள்.

முதல் நோட்டு ஒரு பெருமை நோட்டு. மீன் பிடித்த நாள் மட்டும் எழுதினேன். ‘விரால், பெரியது, மாலை, தவளை லூர்.’ ‘கெண்டை 4, நல்ல பாடு.’ (லூர் என்றால் பொய் இரை, பாடு என்றால் கிடைத்த மீன்.) பதினோரு பக்கம் இருக்கும். இன்று படித்தால் நான் பெரிய ஆள் என்று தோன்றும், வேறு எதற்கும் உதவாது. வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் அதில் இல்லை. அவை இல்லாமல் மீன் கிடைத்த நாளை எதோடு ஒப்பிடுவது? அந்த நாளில் மேகம் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். கிடைக்காத நாளிலும் மேகம் இருந்திருக்கலாமே.

இரண்டாவது நோட்டில் அதற்கு நேர்மாறாகப் போனேன். 22 கட்டம் போட்ட அட்டவணை. காற்றழுத்தம், ஈரப்பதம், நிலாவின் வயது, சூரியன் உதித்த நேரம், நரம்பின் தடிமன், முடிச்சின் வகை வரைக்கும். ஆறு வாரம் தாங்கியது. கரையில் கையெல்லாம் மீன் வழுவழுப்போடு 22 கட்டத்தை யார் நிரப்புவது? வீட்டுக்குப் போய் நிரப்பலாம் என்று விட்டேன். வீட்டில் எழுதியவை எல்லாம் ‘சுமார் 10’, ‘ஒரு 3 மணி நேரம்’ என்று உருண்டை எண்களாக இருந்தன. கரையில் எழுதியவை 7, 2 மணி 20 நிமிடம் என்று முனை மழுங்காமல் இருந்தன. அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொண்டேன்: ராடை, அதாவது தூண்டில் கோலை, மடிப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். எழுத முடியாத அளவுக்குக் கட்டம் இருந்தால் கட்டத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த இரண்டாவது நோட்டு பிறகு தண்ணீரில் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துக் காயவைத்தேன். ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. இடையில் பேனா கிடைக்காமல் பென்சிலால் எழுதிய நான்கு பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. பென்சிலில் இருப்பது கிராஃபைட், தண்ணீரில் கரையாது. அன்றிலிருந்து பென்சில்தான், நூலில் கட்டி நோட்டோடு தொங்கும்.

இப்போது ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இது ஏரிக்குப் போன ஒரு நாள் (‘வளைவு’ அங்கே நான் உட்காரும் இடம், ‘அண்ணன்’ அங்கே கூட உட்காருபவர்):

‘வளைவு. 5.50 முதல் 8.20 வரை. ராடு 1. எதிர்பார்ப்பு: நாணல் ஓரம் விரால், 7 மணிக்குள். தண்ணீர் 27°, தெளிவு 60 செ.மீ., போன வாரத்தை விட ஒரு சாண் குறைவு. காற்று நம் கரையைப் பார்த்து, அலை நுனி வெளுக்கவில்லை. 6.40 கெளுத்தி 31, மண்புழு, உதட்டில். 7.05 கொத்தி விட்டது. 7.50 கெண்டை 24, மாவு, உதட்டில். விரால் இல்லை. அண்ணன்: 5 மணி முதல், நாணலுக்கு வலது பக்கம், கெளுத்தி 2.’

அவ்வளவுதான். எழுத இரண்டு நிமிடம். இதில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று சொன்னால்தான் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியும்.

முதலில் மணி நேரம். எத்தனை மீன் என்பதை விட எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்பதுதான் பேசும். மீன்வள ஆய்வாளர்கள் காலங்காலமாகப் பார்ப்பதும் இதைத்தான், பிடிப்பை முயற்சியால் வகுப்பது. நான் வருடக்கணக்கில் எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏரியில் மாலைதான் மீன் நேரம் என்று. மூன்றாவது நோட்டு ஒரு வருடம் நிறைந்ததும் கூட்டிப் பார்த்தேன். மாலையில் 31 முறை போயிருக்கிறேன், 70 மணி நேரம், 42 மீன். காலையில் 9 முறை, 20 மணி நேரம், 13 மீன். மாலை மணிக்கு 0.6, காலை மணிக்கு 0.65. மாலையில் மீன் அதிகம் என்று நான் நினைத்தது நான் மாலையில் அதிகம் போனதால். வேலை முடிந்து போக வசதியான நேரம் அது, அவ்வளவுதான். உடனே காலைதான் நல்லது என்று கட்சி மாறவும் கூடாது. 9 முறை என்பது ரொம்பக் குறைவு, அதில் ஒரு நாள் நல்ல பாடு விழுந்தாலே கணக்கு சாய்ந்துவிடும். அடுத்த வருடம் வேண்டுமென்றே காலையில் 20 முறை போனேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. இப்போது எப்போது தூக்கம் கலைகிறதோ அப்போது போகிறேன்.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் வற்றிக்கொண்டே வந்த காலத்தில், கப்பல்களின் பிடிப்பு விகிதம் மட்டும் நன்றாகவே இருந்தது. மிச்சம் இருந்த மீன்கள் ஓரிடத்தில் கூடின, கப்பல்களும் அந்த இடத்தைத் தேடிப் போய் வலை போட்டன. 1992-ல் அரசாங்கம் அங்கே காட் பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. என் ஏரி வளைவும் சின்ன அளவில் அப்படித்தான். தண்ணீர் வற்றிய வருடம் அங்கே மணிக்கு மீன் கூடியது. ஏரியில் மீன் பெருகிவிட்டது என்று நினைத்தேன். மற்ற மூன்று இடங்களின் பக்கங்களைப் பார்த்தால் அங்கெல்லாம் ஒன்றும் இல்லை. மீன் எல்லாம் ஆழமாக இருந்த ஒரே இடத்தில் ஒதுங்கியிருந்தன. அந்த வருடம் வளைவில் பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டேன்.

அடுத்து வெப்பநிலை. மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும், பசியும் அதோடுதான். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஆக்சிஜனும் குறையும். 10 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் வெயில் காலத்தில் ஓடை விழும் வாயிலும், அலை அடிக்கும் கரையிலும் மீன் ஒதுங்குவதில் ஆச்சரியமில்லை. சாதாரண தண்ணீர் தெர்மாமீட்டரை நூலில் கட்டி, நிழலில், முழங்கை ஆழத்துக்கு இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். மேல் தண்ணீரை மட்டும் தொட்டால் வெயிலைத்தான் அளந்ததாக ஆகும். நான் முதல் மாதம் முழுக்க அதைத்தான் அளந்தேன்.

தெளிவை ‘கலங்கல்’, ‘கொஞ்சம் கலங்கல்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எந்தக் கலங்கல் எந்தக் கலங்கலை விடக் கலங்கல் என்று தெரியவில்லை. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஆஞ்செலோ செக்கி என்று ஒரு இத்தாலியப் பாதிரியார், வானியல் ஆளும்கூட. 1865-ல் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தை அளந்தார். ஏரி ஆராய்பவர்கள் இன்றும் 20 செ.மீ. தட்டு வைத்து இதையே செய்கிறார்கள். நான் வெள்ளை டப்பா மூடியில் ஓட்டை போட்டு, ஈயக்குண்டு தொங்கவிட்டு, நூலில் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன். மறைந்ததும் முடிச்சை எண்ணினால் போதும். என் ஏரியில் 30 செ.மீ.க்குக் கீழே போனால் லூர் பெட்டியைத் திறப்பதே இல்லை, மண்புழுதான். கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு அந்தத் தண்ணீரில் லூர் தெரியாது. கெளுத்தி மீசையாலும் மோப்பத்தாலும் தேடும், அதற்குக் கவலை இல்லை. இப்படி ஒரு எண் கையில் கிடைத்ததால் காலையில் பத்து நிமிட யோசனை மிச்சம்.

காற்றுக்குக் கருவி வேண்டாம், தண்ணீரின் மேற்பரப்பே போதும். 1805-ல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றை எண்களில் அடுக்கிய அளவுகோலும், பிற்பாடு கடலின் தோற்றத்தோடுதான் சேர்ந்துகொண்டது. கண்ணாடி போல இருந்தால் பூஜ்யம். அங்கங்கே அலை நுனி வெளுத்தால் 3, பரவலாக வெளுத்தால் 4. வேகத்தை விட முக்கியம் திசை, அதுவும் வடக்கா தெற்கா என்பதல்ல, எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறது என்பது. சூடான மேல் தண்ணீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் காற்று அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். சின்ன மீன் அதன் பின்னால், பெரிய மீன் சின்ன மீனின் பின்னால். முகத்தில் காற்று அறையும் கரையில் நின்று வீசுவது எரிச்சலான வேலை, நரம்பு வளைந்து சிக்கிக்கொள்ளும். ஆனாலும் என் நோட்டில் அந்தக் கரைதான் ஜெயிக்கிறது.

காற்றழுத்தத்தை விட்டுவிட்டேன். அழுத்தம்தான் மீனை அசைக்கிறது என்று நம்பும் நிறைய பேர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வானிலை மாறும்போது ஒரு நாளில் அழுத்தம் 10, 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கலாம். ஒரு மீட்டர் தண்ணீரின் அழுத்தமே 98 ஹெக்டோபாஸ்கல். அதாவது அந்தப் பெரிய மாற்றத்தை மீன் ஒரு சாண் கீழே இறங்கிச் சரிசெய்துகொள்ளலாம். இரை தேடி ஒரு நிமிடத்தில் அதை விட அதிகமாக ஏறி இறங்குகிற உயிர் அது. அழுத்தம் இறங்கும்போது மேகம் வரும், காற்று மாறும், வெளிச்சம் குறையும். மீன் அவற்றுக்கு அசைகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், அவற்றை எழுதிக்கொண்டால் போதும்.

நிலாவும் அப்படித்தான் பாதி. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926 முதல் ஆராய்ந்து, நிலா உச்சியில் இருக்கும் நேரம், காலடியில் இருக்கும் நேரம் என்று மீன் இரை எடுக்கும் வேளைகளை அட்டவணையாகப் போட்டார். இன்று பல மீன்பிடி ஆப்களில் வரும் நட்சத்திர மதிப்பெண்ணுக்கு அதுதான் மூலம். ஒரு வருடம் நானும் அந்த நட்சத்திரங்களைப் பக்கத்து மூலையில் எழுதினேன். ஏரியில் நாலு நட்சத்திர நாளும் ஒரு நட்சத்திர நாளும் எனக்கு ஒரே மாதிரிதான் கொடுத்தன. கழிமுகத்தில் அமாவாசையும் பௌர்ணமியும் கட்டாயம் எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றை ஒட்டி ஏற்றம் பெரிதாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும், தண்ணீர் வேகமாக ஓடும். அஷ்டமி வாக்கில் ஓட்டம் சோர்ந்துவிடும். அங்கே நிலா என்றால் எனக்குத் தண்ணீர்தான்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ‘எதிர்பார்ப்பு’ என்ற அந்த ஒரு வரி. முதல் வீச்சுக்கு முன்னால் எழுதிவிடுவேன்: எங்கே, என்ன மீன், எத்தனை மணிக்குள். பிறகு அழிக்கக் கூடாது. இதை எழுதாத காலத்தில், கிளம்பும்போது ‘இன்னைக்கு இப்படித்தான்னு காலையிலேயே நினைச்சேன்’ என்று என்னிடமே சொல்லிக்கொள்வேன். கிடைத்தாலும் அதே வசனம், கிடைக்காவிட்டாலும் அதே வசனம். எழுதிப் பார்த்த முதல் இருபது பயணத்தில் என் ஊகம் சரியானது ஐந்து. கூச்சமாகத்தான் இருந்தது. தப்பான பதினைந்தில் எட்டில் நான் விரால் எழுதியிருந்தேன். ஆசைப்பட்ட மீனை எழுதியிருக்கிறேன், வரக்கூடிய மீனை எழுதவில்லை.

கூட வருபவரின் பாடும் எழுத வேண்டும், அதுவும் தனியாக. ஒரே கரை, ஒரே நேரம், ஒரே தண்ணீர், இரை மட்டும் வேறு என்றால் அதை விட நல்ல சோதனை நமக்குக் கிடைக்காது. நான் மாவும் அவர் மண்புழுவுமாக நின்ற நாட்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெரிந்தது, தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் அவர் கை ஓங்கியிருக்கிறது. தனியாகப் போன நாட்களிலிருந்து இதைப் பிரித்தெடுக்கவே முடிந்திருக்காது.

மீனின் நீளம் எழுதும்போது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையா, வால் பிளவு வரையா. இரண்டும் கலந்தால் ஒரே மீன் இரண்டு மூன்று செ.மீ. வளர்ந்தும் தேய்ந்தும் தெரியும். குறைந்தபட்ச அளவு, பிடிக்கக் கூடாத காலம் என்று உங்கள் பகுதியில் விதி இருந்தால், விதி எதை அளக்கச் சொல்கிறதோ அதையே வைத்துக்கொள்வது உத்தமம். ராடின் பிடிக்கு மேலே பெயிண்டால் 20, 30, 40 என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். மீனைத் தரையில் போடாமல், ஈரக் கையோடு, ராடோடு ஒட்டிப் பிடித்து ஒரு பார்வை. காய்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும், அதுதான் மீனுக்குக் காப்பு.

‘உதட்டில்’ என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது முள் எங்கே ஏறியது என்ற குறிப்பு. திரும்ப விடுகிறவர்களுக்கு இது முக்கியம். ஒரு சமயம் பக்கங்களைப் புரட்டினால் ‘விழுங்கிவிட்டது’ என்று அடிக்கடி வந்தது. எல்லாமே மண்புழு போட்டு, ராடைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்த நாட்கள். வளைய முள்ளுக்கு மாறினேன். நுனி உள்பக்கமாகத் திரும்பியிருப்பதால் அது பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும். வெடுக்கென்று சுண்டக் கூடாது, நரம்பு இறுகினால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எனக்குச் சுண்டுகிற பழக்கம் போக ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் ‘விட்டுவிட்டது’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது.

போனிலேயே எழுதலாமே என்பார்கள். எழுதலாம். நானும் ஒரு ஆப் வைத்திருந்தேன், போன் மாற்றியபோது ஏழு மாதக் குறிப்பும் புது போனுக்கு வந்து சேரவில்லை. வெளியே எடுத்து வைக்க வழி இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரம்பித்தது என் தப்பு. இப்போது போனை ஒரே வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு படம், மீன் இல்லாத நாளில் தண்ணீருக்கு ஒரு படம். படத்துக்குள் நேரமும் இடமும் தானாகப் பதிந்துவிடும், மணியை மறந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதே காரணத்துக்காக, படத்தை யாருக்கும் அனுப்பும் முன் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஒரு மாதம் நான் நீக்காமல் அனுப்பினேன். வளைவில் உட்கார இடம் கிடைக்காமல் போனது. நோட்டிலும் இடத்துக்குப் பட்டப்பெயர்தான். ‘வளைவு’ என்றால் எது என்று எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

நோட்டை எழுதுவது பாதி வேலை, படிப்பது மீதி. பலர் அடுக்கி வைப்பதோடு சரி. வருடத்துக்கு ஒரு முறை, வெளியே போக முடியாத மழை நாளாகப் பார்த்து உட்காருவேன். தேதி வரிசையில் படித்தால் கதை மாதிரி போய்விடும், ஒன்றும் தெரியாது. ஒரு தாளில் ஒரே கேள்வியை மட்டும் எழுதிக்கொள்வேன், ‘தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே இருந்தபோது?’ என்று. அதற்குப் பொருந்தும் பக்கங்களை மட்டும் மடித்து, மணி நேரத்தையும் மீனையும் கூட்டுவேன். பத்துப் பயணத்துக்குக் கீழே இருந்தால் விடையைப் பென்சிலில் ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைப்பேன். அந்தக் கேள்விக்குறிகள்தான் அடுத்த வருடம் எப்போது எங்கே போவது என்று முடிவு செய்கின்றன.

அண்ணன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அவர் என்னை விட இருபது வயது மூத்தவர், வளைவில் எனக்கு முன்னாலிருந்தே உட்காருபவர். ஆரம்பத்தில் நான் எழுதுவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. ‘தம்பி, மீனை எண்ண ஆரம்பிச்சா அடுத்த மீன் வராதுப்பா’ என்பார். அவருக்கு எல்லாம் தலையிலேயே இருக்கிறது என்பார். பல விஷயத்தில் இருக்கத்தான் செய்கிறது. தண்ணீரைப் பார்த்ததும் காலணியைக் கழற்றாமலே திரும்பி நடந்த நாட்களில் அவரோடு திரும்பாமல் உட்கார்ந்து நான் எழுதிய பூஜ்யங்கள் நிறைய.

போன மாதம் மழைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், ‘போன வருஷம் இதே மாதிரி தண்ணி வத்தி இருந்தப்ப நான் இங்க நாலு கெளுத்தி எடுத்தேன். எந்தப் பக்கம் போட்டேன்னு உன் நோட்டுல இருக்கா பாரு’ என்றார்.

தேடி எடுத்தேன். நான் மேலே எழுதிக் காட்டியிருக்கும் அதே பக்கம்தான். ‘அண்ணே, ரெண்டுதான் எழுதியிருக்கேன். நாணலுக்கு வலது பக்கம்.’

வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து, என் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரையை எடுத்து நாணலுக்கு வலது பக்கம் வீசினார்.

‘நாலுதான்’ என்றார். ‘நீ ரெண்டை எழுதாம விட்டுட்ட.’